பாடம் வலது காதுக்கு, பாட்டு இடது காதுக்கா?

கேள்வி (மார்ச் 3, மாலை)

குரூப் 4-க்குப் படிக்கிறேன், வீடு கொருக்குப்பேட்டை. எங்கள் வகுப்பில் ஒரு சார் சொன்னார்: இடது மூளைதான் பேச்சைப் புரிந்துகொள்ளும், வலது மூளை பாட்டை ரசிக்கும், காது இரண்டும் மூளைக்குக் குறுக்காகப் போகிறது, அதனால் பாடத்தை வலது காதில் கேட்டால் மனதில் நிற்கும், இடது காதில் கேட்டால் காற்றோடு போய்விடும் என்று. அன்றிலிருந்து வலது காதில் மட்டும் இயர்பட் மாட்டிக்கொண்டு அரசியலமைப்புப் பாடம் கேட்கிறேன். கூட்ஸ் வண்டி போனால் ஒரு எழவும் கேட்பதில்லை. இது உண்மையா, சார் கதை விடுகிறாரா?

மார்ச் 3, இரவு

முழுக்கக் கதை இல்லை தம்பி, பாதியில் நிறுத்திய உண்மை. ஒவ்வொரு காதிலிருந்தும் இரண்டு பக்க மூளைக்குமே செய்தி போகிறது. எதிர்ப்பக்கம் போகிற வழி கொஞ்சம் பலமானது, அவ்வளவுதான். வலது காதில் மட்டும் கேட்டாலும் இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

சார் சொன்னதற்கு மூலம், 1961-ல் மாண்ட்ரியலில் டோரீன் கிமுரா செய்த சோதனை. ஹெட்போனில் வலது காதுக்கு ஒரு எண், அதே நொடியில் இடது காதுக்கு வேறு எண், இப்படி மூன்று ஜோடி. பிறகு கேட்டதையெல்லாம் சொல்லச் சொன்னார். பெரும்பாலானவர்கள் வலது காதில் விழுந்த எண்களைக் கொஞ்சம் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். 1964-ல் எண்ணுக்குப் பதில் மெட்டுகளை வைத்துச் செய்தபோது இடது காது முந்தியது. இதில் கவனிக்க வேண்டியது ‘அதே நொடியில்’ என்பதைத்தான். இரண்டு காதுக்கும் போட்டி வைத்தால்தான் இந்த வித்தியாசம் நன்றாக வெளியே வரும். உனக்கு ஒரு காதில் அம்பேத்கர், இன்னொரு காதில் கூட்ஸ் வண்டி. இரண்டு பக்கமும் மாட்டு, சத்தமாவது குறையும்.

மார்ச் 4, விடியற்காலை

தூக்கம் வரவில்லை, மேலே சொன்னதை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சொல்கிறேன். கடுமையான வலிப்பு நோய்க்காக இரண்டு அரைமூளைகளுக்கும் நடுவில் இருக்கும் கார்பஸ் கலோசம் என்ற நரம்புப் பாலத்தை வெட்டிவிட்டவர்கள் சிலர் அமெரிக்காவில் இருந்தார்கள். ரோஜர் ஸ்பெரி இந்த நோயாளிகளை வைத்துத்தான் ஆராய்ச்சி செய்து 1981-ல் நோபல் வாங்கினார். 1968-ல் பிரெண்டா மில்னரும் அவரும் சேர்ந்து இந்த இரட்டைக் காதுச் சோதனையை அவர்களுக்கு வைத்தார்கள். இரண்டு காதிலும் வேறு வேறு எண் ஒரே நேரத்தில் வந்தபோது இடது காதில் விழுந்ததை அவர்களால் அநேகமாகச் சொல்லவே முடியவில்லை. அதே இடது காதில் மட்டும் தனியாகப் போட்டபோது ஒரு குறையும் இல்லாமல் சொன்னார்கள்.

அதாவது போட்டி வரும்போது அதே பக்க மூளைக்குப் போகிற நேர்வழி அடங்கிவிடுகிறது, எதிர்ப்பக்கம் போகிற குறுக்கு வழிதான் ஓடுகிறது. இடது காதில் விழுந்த சொல் முதலில் வலது மூளைக்குப் போய், பேசின் பிரிட்ஜைச் சுற்றிக்கொண்டு வருகிற மாதிரி பாலம் ஏறி இடது பக்கம் வந்து சேர வேண்டும். பாலத்தை வெட்டினால் அது வந்து சேராது. நமக்குப் பாலம் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் தாமதம், கொஞ்சம் சேதாரம். தேர்வில் கட்-ஆஃபை மாற்றுகிற அளவுக்கு எல்லாம் இல்லை.

மார்ச் 5

டாக்டரா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. ராயபுரத்தில் மைக் செட் வைத்திருக்கிறேன். கானா கச்சேரி, காதுகுத்து, கோயில் கூழ், கட்சிக் கூட்டம், பதினாறாம் நாள், எல்லாவற்றுக்கும் போவோம். என் தங்கச்சி மகள் காது, பேச்சு சம்பந்தமான படிப்பு படிக்கிறாள், அவள் தருவதையெல்லாம் படிக்கிறேன். இதில் எனக்கு எப்படி ஆசை வந்தது என்பது வேறு கதை, என் சித்தப்பா கதை, அப்புறம் சொல்கிறேன்.

தொழிலில் ஒரு விஷயம் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. மிக்சரில் உட்கார்ந்தால் ஹெட்போனில் இடது குப்பியை மட்டும் காதில் வைத்துக்கொள்வேன், வலது காதைத் திறந்து விட்டிருப்பேன். கீபோர்டு தம்பிக்கும் இதே பழக்கம். கிமுராவைப் படித்ததும், ஆகா, பாட்டை இடது காதில், மேடைக்காரன் கத்துவதை வலது காதில், மூளை தானாகவே பிரித்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு யோசித்தால், என் ஹெட்போனில் வயர் இடது குப்பியிலிருந்துதான் இறங்குகிறது. வலது கை சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பேடரில் இருக்கும், ஆகவே குப்பியைப் பிடிக்க இடது கைதான் சும்மா இருக்கிறது. இது மூளையா வயரா என்று இன்றைக்கும் நான் தீர்ப்புச் சொல்லத் தயாரில்லை.

மார்ச் 5, இரவு

தங்கச்சி மகள் போன் பண்ணினாள். “என்ன மாமா, காதுல இருந்து மூளைக்கு ஒரே வயர் போற மாதிரி எழுதியிருக்கீங்க, நடுவுல எத்தனை இடம் மாறிப் போவுது தெரியுமா?” சரி, அவளுக்காக. காதிலிருந்து கிளம்பிய செய்தி மூளைத்தண்டில் இரண்டு மூன்று இடங்களில் மாறி, நடுமூளை, அப்புறம் மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ், அதற்கு அப்புறம்தான் மூளையின் மேலுறையான புறணிக்கு வருகிறது. மூளைத்தண்டிலேயே இரண்டு காதின் செய்தியும் சந்தித்து விடுகிறது. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அங்கேதான் முதல் கணக்கு. பக்கவாட்டில் நிற்கிறவன் கூப்பிட்டால் அந்தப் பக்கக் காதுக்கும் மறு காதுக்கும் இடையே அதிகபட்சம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, 0.6, 0.7 மில்லிசெகண்ட்தான் வித்தியாசம். அதை வைத்துத் திரும்பிப் பார்க்கிறோம். இவ்வளவும் நடந்த பிறகுதான் இடது, வலது பஞ்சாயத்து.

மார்ச் 8

பாட்டு என்றால் வலது மூளை என்பதில் எனக்கு முதலிலிருந்தே ஒரு இடறல். கானாவை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் சொல்லை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? டோலக்கும் நாலு ஸ்வரமும். ஒரே தொண்டையிலிருந்து ஒரே மூச்சில் சொல்லும் மெட்டும் சேர்ந்து வருகிறது, மூளை அதை எந்தப் பக்கம் அனுப்பும்?

2020-ல் பிலிப் அல்பூய், ராபர்ட் ஸாட்டோரே குழு இதைத்தான் பிடித்தது. 10 வாக்கியம், 10 மெட்டு, ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் சேர்த்து 100 குட்டிப் பாட்டு, வாத்தியம் இல்லாமல் வெறும் குரலில். பிறகு அந்த ஒலியை இரண்டு விதமாகக் கெடுத்தார்கள். நேரத்தில் இருக்கும் நுணுக்கத்தை மழுங்கடித்தபோது சொல் புரியவில்லை, மெட்டு அப்படியே தெரிந்தது. அதிர்வெண்ணில் இருக்கும் நுணுக்கத்தை மழுங்கடித்தபோது மெட்டு போனது, சொல் நின்றது. ஸ்கேனில் பார்த்தால் சொல்லுக்கான தடயம் இடது பக்கக் கேட்புப் புறணியில், மெட்டுக்கானது வலது பக்கத்தில். நேரத்தைக் கெடுத்தால் இடது தடுமாறுகிறது, அதிர்வெண்ணைக் கெடுத்தால் வலது தடுமாறுகிறது. ஆகவே பாகப்பிரிவினை பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் இல்லை. சட்டென்று மாறுவதைப் பிடிப்பது ஒரு பக்கத்தின் கைவேலை, சுருதியின் சின்ன ஏற்ற இறக்கத்தைப் பிடிப்பது மறு பக்கத்தின் கைவேலை. பேச்சு முதலாவதை அதிகம் நம்பி ஓடுகிறது, மெட்டு இரண்டாவதை.

இதற்கு லேப் வேண்டாம், ஆடி மாதம் எங்கள் பக்கம் வந்தால் போதும். கூழ் ஊற்றும் அன்று கூம்பு ஸ்பீக்கரை நாலு தெருவுக்குக் கட்டியிருப்போம். நாலாவது தெருவில் நின்று கேளுங்கள். அம்மன் பாட்டு என்ன பாட்டு என்று பச்சைக் குழந்தை சொல்லிவிடும். நடுவில் ஒருத்தர் மைக்கைப் பிடித்து வண்டியை எடுக்கச் சொல்கிறார், “…ஒன்பது …வண்டி …வும்” என்று கேட்கும், யார் வண்டி என்று அந்த வண்டிக்காரனுக்கே தெரியாது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. உங்களுக்குப் பக்கத்துக் கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் 34 மீட்டர் வித்தியாசம் இருந்தால் ஒரே சொல் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு தள்ளி மறுபடி வந்து விழுகிறது. ஒரு ‘ட’வோ ‘க’வோ அதற்குள் பிறந்து செத்துவிடும். ஸ்வரம் நீண்டு நிற்பதால் பிழைத்துக்கொள்கிறது.

எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் ரகசியம் பேசுங்கள். கிசுகிசுக்கும்போது தொண்டையில் சுருதியே கிடையாது, வெறும் காற்று. ஒரு சொல்கூடக் குறையாமல் புரியும். அதே கிசுகிசுப்பில் ஒரு பாட்டை முணுமுணுத்து என்ன பாட்டு என்று பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். சொல்லை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.

மார்ச் 8, இரவு

“அப்போ கட்சிக் கூட்டத்துல சொல் புரியாம போறதுக்கு நீங்கதான் காரணமா” என்று கேட்டவருக்கு: ஆமாம், டிலே போட்டு, அதாவது ஒலியைக் கொஞ்சம் தாமதித்து விட்டு, ஒவ்வொரு கம்பத்தையும் சரிக்கட்டலாம், நாங்களும் செய்வதுண்டு. ஆனால் புரிந்துவிட்டது என்று இதுவரை யாரும் நன்றி சொன்னதில்லை.

மார்ச் 12

ஒரு சின்னச் சேர்க்கை. இடது பக்கம் வேகமானது, வலது மந்தமானது என்று யாரோ எழுதியிருந்தார்கள், அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். 2003-ல் டேவிட் பொப்பெல் சொன்ன கருத்து இது: இரண்டு பக்கமும் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டித்தான் பார்க்கின்றன, இடது பக்கம் 20 முதல் 40 மில்லிசெகண்ட் துண்டுகளில் சாய்கிறது, வலது 150 முதல் 250 வரை. ஒரு அசை என்பது கிட்டத்தட்ட அந்த இரண்டாவது அளவு, ‘ப’ என்று உதடு வெடித்துக் குரல் தொடங்கும் இடைவெளி முதலாவது அளவு. பேச்சுக்கு இரண்டும் வேண்டும். இதை ஒத்துக்கொள்ளாத ஆராய்ச்சிக்காரர்களும் உண்டு, சண்டை இன்னும் நடக்கிறது. எனக்கு இந்தச் சாய்வு என்ற சொல்தான் பிடித்திருக்கிறது, பிரிவு என்பது பிடிக்கவில்லை.

மார்ச் 16

சித்தப்பா கதை. காசிமேட்டில் ஏலம் கூறுகிறவர். போட் வந்து கூடை இறங்கியதும் விடிவதற்கு முன்னாலேயே இவர் குரல்தான் கேட்கும். கூடையைச் சுற்றி நிற்கும் பெண்களில் யார் கண்ணசைக்கிறாள், யார் சும்மா விலை ஏற்றிவிட நிற்கிறாள் என்று பார்த்துக்கொண்டே கூறுவார். போன வருஷம் ஒரு காலையில் வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வலது கையும் பேச்சும் சேர்ந்து போனால் அடி இடது மூளையில் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஒருத்தர் எங்களிடம் “அவருக்கு ஒன்றும் புரியாது, பேசாதீர்கள்” என்றார். அது பொய். எல்லாம் புரிந்தது. சொல்லத்தான் வரவில்லை.

இதில் எங்களைத் திக்குமுக்காட வைத்தவை மூன்று. தண்ணீர் வேண்டுமென்றால் அவர் வாயைத் திறக்கிறார், நாக்கு ‘த’வுக்குப் போய் நிற்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, ஒன்றும் வருவதில்லை, சலித்துப்போய் ஒரு கெட்ட வார்த்தை விடுகிறார். அது மட்டும் கணீரென்று, ஒரு எழுத்துப் பிசகாமல், பழைய குரலில். சித்தி முதல் தடவை கேட்டு அழுதாள், இரண்டாவது தடவை சிரித்துவிட்டாள். அடுத்தது, சித்தி பக்கத்தில் உட்கார்ந்து “சங்கரா ஒரு கூடை, ஐந்நூறு” என்று ஏலம் மாதிரி ஆரம்பித்தால் அவர் “ஐந்நூத்தியம்பது, அறுநூறு, அறுநூத்தியம்பது” என்று ஏற்றிக்கொண்டே போகிறார். நடுவில் நிறுத்தி “என்ன விலை இப்போ” என்று கேட்டால் சொல்ல முடியாது. மூன்றாவது, பழைய கானாப் பாட்டை யாராவது எடுத்துக்கொடுத்தால் நாலு வரி சொல்லோடு பாடுகிறார்.

1861-ல் பால் ப்ரோகா பாரிசில் பார்த்த லெபோர்ன் என்ற நோயாளியைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் எல்லாம் இருக்கும். எதைக் கேட்டாலும் ‘டான்’ என்று மட்டும் சொல்வார், அதனால் அவருக்குப் பெயரே டான். ஆனால் கோபம் வந்தால் அவருக்கும் ஒரு வசவு முழுசாக வருமாம். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தால் இடது முன்பக்கம் கெட்டுப்போயிருந்தது. இன்னும் சில நோயாளிகளைப் பார்த்த பிறகு 1865-ல்தான் ப்ரோகா, பேச்சு இடது பக்கத்து வேலை என்று அழுத்திச் சொன்னார். பாரிசிலும் காசிமேட்டிலும் வசவு ஒரே மாதிரி தப்பித்துவிடுகிறது.

மார்ச் 17

நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே பதில்: பாடுகிறார் என்றால் வலது மூளை நல்லபடியாக இருக்கிறது, அதனால் பாட்டு வழியாகப் பேச்சைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று பேச்சுப் பயிற்சி தருகிறவர் சொன்னார். 1973-ல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற மூவர் கொண்டுவந்த முறை அது. “தண்ணி வேணும்” என்பதை இரண்டு ஸ்வரத்தில் இழுத்துச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு அசைக்கும் இடது கையைத் தட்ட வேண்டும். சித்தப்பா செய்கிறார். சில நாள் வருகிறது.

ஏப்ரல் 2

மேலே எழுதியதில் ‘பாட்டு வழியாக’ என்ற இடத்தில் எனக்கு இப்போது சந்தேகம். தங்கச்சி மகள் 2011-ல் ஜெர்மனியில் பெனடிக்ட் ஸ்டால் குழு செய்த ஆராய்ச்சி ஒன்றைக் கொடுத்தாள். பேச்சு போன 17 பேரை, பாடவும் வைத்தார்கள், மெட்டில்லாமல் தாளத்துக்கு மட்டும் சொல்லவும் வைத்தார்கள். மெட்டு தனியாகப் பெரிய உதவி செய்யவில்லை. தாளம் உதவியது, அதைவிட முக்கியமாக, ஏற்கெனவே வாயில் ஊறிப்போன சொற்கள் சுலபமாக வந்தன.

இது சித்தப்பாவுக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஏலத்தில் என்ன ராகம் இருக்கிறது? ஒன்றும் இல்லை. தாளம் இருக்கிறது, முப்பது நாற்பது வருஷப் பழக்கம் இருக்கிறது. வசவில் தாளம்கூட இல்லை, வெறும் பழக்கம். அப்படியென்றால் கானாவில் வருகிற சொற்களும் ‘வலது மூளை பாடுகிறது’ என்பதால் வரவில்லை, மனப்பாடம் ஆகி உருண்டு வருகின்றன என்றும் சொல்லலாம். அதே பாட்டின் மெட்டில் புதுச் சொல் போட்டுப் பாடச் சொன்னேன். “கடம்பா நல்லாருக்கு” என்று, சின்னதுதான். மெட்டை லா லா என்று சுத்தமாகப் பாடினார், சொல் வரவில்லை. மெட்டு ஒன்று, சொல் ஒன்று, இரண்டையும் கண்ணெதிரே பிரித்துப் பார்த்த மாதிரி இருந்தது. இதனால் பயிற்சியை விட்டுவிடவில்லை, இப்போது தாளத்தை அழுத்திச் செய்கிறோம். டோலக் தம்பி சாயங்காலம் வந்து தட்டுகிறான்.

ஏப்ரல் 6

டோலக் தம்பி கேட்டது: “எங்களை மாதிரி ஆளுங்களுக்கும் பாட்டு வலது பக்கந்தானா அண்ணா?” நல்ல கேள்வி. 1974-ல் பீவரும் கியாரெல்லோவும் இதைப் பார்த்தார்கள். சங்கீதம் பழகாதவர்கள் மெட்டை இடது காதில் சிறப்பாக அடையாளம் கண்டார்கள், பழகியவர்கள் வலது காதில். பழகினவன் பாட்டை மொத்தமாகக் கேட்டு விட்டுவிடுவதில்லை, ஸ்வரம் ஸ்வரமாகப் பிரித்துக் கேட்கிறான் என்பது அவர்கள் விளக்கம். பின்னால் வந்த சோதனைகள் எல்லாம் இதே மாதிரி வரவில்லை, ஆனால் பயிற்சி மூளையின் வேலைப் பங்கீட்டை மாற்றும் என்பதில் பெரிய தகராறு இல்லை.

உடனே அவன் பயந்துவிட்டான், அப்போ இடது பக்கம் அடிபட்டா எனக்கு ரெண்டும் போயிடுமா என்று. அதற்கு ஒரு ரஷ்ய ஆள் இருக்கிறார், விஸாரியோன் ஷெபாலின், சோவியத் இசையமைப்பாளர். 1953-லும் 1959-லும் இடது மூளையில் பக்கவாதம். பேச்சு போய்விட்டது, பிறர் பேசுவதும் சரியாகப் புரியவில்லை. ஆனால் தொடர்ந்து இசை எழுதினார், ஐந்தாவது சிம்பொனியை 1962-ல் முடித்தார், அடுத்த வருஷம் இறந்தார். தேர்ந்த சங்கீதக்காரருக்கும் இரண்டும் வேறு வேறு இடத்தில்தான் இருந்திருக்கிறது. தம்பிக்கு மூச்சு வந்தது.

ஏப்ரல் 18

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் ஆரம்பித்துவிட்டது, ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. துறைமுகத்துப் பையன்கள் கடையில்தான் கிடக்கிறார்கள். சும்மா இருப்பதற்கு இதைச் செய்தோம். டயானா டாய்ச் 1973-ல் கண்டுபிடித்தது. 400 ஹெர்ட்ஸ், 800 ஹெர்ட்ஸ் என்று இரண்டு ஒலி, கால் வினாடிக்கு ஒருமுறை மாறி மாறி, ஒரு காதில் மேல் ஒலி வரும்போது மறு காதில் கீழ் ஒலி. நிஜத்தில் இரண்டு காதிலும் இரண்டும் சமமாக வருகிறது. ஆனால் வலது கைக்காரர்கள் பெரும்பாலும் கேட்பது, வலது காதில் மேல் ஒலி மட்டும், இடது காதில் கீழ் ஒலி மட்டும்.

கம்ப்யூட்டரில் செய்து எல்லோருக்கும் மாட்டினேன். முதல் பையன் “ரைட்டுல கீச்சு, லெஃப்ட்டுல பூம்” என்றான். ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். “ரைட்டுல கீச்சு” என்றான் மறுபடியும். மூன்று தடவை திருப்பினேன், நான் ஏதோ சுவிட்சு போட்டு ஏமாற்றுகிறேன் என்று வயரைப் பிடுங்கிப் பார்த்தான். கூட இருந்த இடது கைப் பையனுக்குத் தலைகீழ், கீச்சு இடது பக்கம். இன்னொரு இடது கைக்காரனுக்கு இரண்டும் கலந்து குழப்பமாகவே கேட்டது. டாய்ச் சொன்னதும் இதுதான், இடது கைக்காரர்கள் ஒரு மாதிரி இருப்பதில்லை. வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் சத்தத்தைக் குறைத்து வையுங்கள், 800 ஹெர்ட்ஸ் காதைக் குடைந்துவிடும்.

ஏப்ரல் 19

“அப்போ இடது கைக்காரனுக்குப் பேச்சு வலது மூளையிலயா” என்பதற்கு: பெரும்பாலும் இல்லை. கழுத்து ரத்தக்குழாய் வழியாக ஒரு பக்க மூளையை மட்டும் கொஞ்ச நேரம் மயக்கிப் பார்க்கிற வாடா சோதனை என்று ஒன்று உண்டு, வலிப்பு அறுவைக்கு முன் செய்வது. ராஸ்முசனும் மில்னரும் 1977-ல் கொடுத்த கணக்கில், வலது கைக்காரர்களில் 96 சதவீதத்துக்குப் பேச்சு இடது பக்கம். இடது கைக்காரர்களிலும் 70 சதவீதத்துக்கு இடது பக்கம்தான், 15-க்கு வலது, 15-க்கு இரண்டு பக்கமும். ஆகவே கையை வைத்து மூளைக்கு ஜோசியம் சொல்லாதீர்கள். அந்தப் பையனின் அம்மா ஏற்கெனவே அவன் கையை மாற்ற எத்தனையோ பாடுபடுத்தியிருக்கிறாள், இதையும் அவளிடம் சொல்லிவைக்காதீர்கள்.

ஏப்ரல் 27

சுருதி வலது பக்கம் என்றால், சுருதி மாறினாலே அர்த்தம் மாறுகிற மொழிக்காரன் என்ன செய்வான் என்று ஒருத்தர் மடக்கியிருக்கிறார். மடக்க முடியாது, இதற்கும் ஆள் இருக்கிறார்கள். 1973-ல் வான் லாங்கரும் ஃப்ராம்கினும் தாய்லாந்துக்காரர்களை வைத்துப் பார்த்தார்கள். சுருதியால் மட்டும் வேறுபடும் தாய் சொற்களைக் கேட்டபோது அவர்களுக்கு வலது காது முந்தியது, அதாவது இடது மூளை. அதே சுருதியைச் சொல் இல்லாமல் வெறும் ஹம் என்று முனகிக் கேட்க வைத்தபோது அந்த முந்தல் இல்லை. ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குச் சொல்லிலும் இல்லை. ஆக, மார்ச் 8-ல் நான் சொன்ன நேரம், அதிர்வெண் கணக்கு மட்டும் போதாது. அந்த ஒலி எனக்குச் சொல்லா, வெறும் சத்தமா என்பதும் சேர்கிறது. கைவேலையும் பழக்கமும் இரண்டும்தான்.

இதற்குப் புளியந்தோப்பிலிருந்து ஒரு புறாக்காரர், விசில் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தார். அவர் விசிலில் புறாவுக்கு மூன்று நான்கு கட்டளை உண்டு, ஏறு, இறங்கு, கூண்டுக்கு வா. துருக்கியில் மலைக்கிராமம் ஒன்றில் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்குத் துருக்கி மொழியையே முழுசாக விசிலில் பேசுகிறார்கள். 2015-ல் கூன்துர்க்கூன் என்பவர் அவர்களுக்கு இரட்டைக் காதுச் சோதனை வைத்தார். பேசும் துருக்கிக்கு வலது காது முந்தியது, விசில் துருக்கிக்கு இரண்டு காதும் சமம். மொழி ஒன்றுதான், அது வருகிற வாகனம் மாறினால் இரண்டு பக்கமும் தோள் கொடுக்கின்றன. புறாவுக்கு எந்தக் காது என்று அவர் மறுபடி கேட்டார். புறாவிடம்தான் கேட்க வேண்டும்.

மே 5

வலது பக்கம் அடிபட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை, பாவம் அது. 1979-ல் ராஸ், மெசுலம் என்ற இருவர் எழுதிய நோயாளிகளில் ஒருவர் பள்ளி ஆசிரியை. வலது மூளையில் பக்கவாதம். பேச்சில் ஒரு சொல்லும் தவறவில்லை, ஆனால் குரல் தட்டையாகிவிட்டது. வகுப்பில் அதட்டினால் பிள்ளைகள் மதிக்கவில்லை, ஏனென்றால் அதட்டலே குரலில் வரவில்லை. கோபமாக இருக்கிறேன் என்பதை வாயால் சொல்லித் தெரிவிக்க வேண்டியிருந்தது. எதிராளியின் குரலை அடையாளம் காண்பதிலும் வலது பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சித்தப்பாவுக்கு இது முழுசாக இருக்கிறது. சொல் இல்லாவிட்டாலும் ‘ம்’ என்பதில் அவருக்கு ஆறு ஏழு விதம். ஒரு ‘ம்’ சாப்பாடு போதும், ஒரு ‘ம்’ நீ பேசுவது பொய், ஒரு ‘ம்’ டிவியை நிறுத்து. தொலைபேசியில் யார் பேசினாலும் முதல் மூச்சிலேயே கண்டுபிடித்து முகத்தைச் சுளிக்கிறார் அல்லது சிரிக்கிறார். கடன்காரர் குரலுக்கு மட்டும் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்கிறார்.

மே 9

ஒரு உபயோகமான விஷயம். இத்தாலியில் மார்சோலி, டொம்மாசி என்ற இருவர் 2009-ல் டிஸ்கோவுக்கே போய்ச் சோதனை செய்தார்கள். காது கிழிகிற சத்தத்தில் ஒரு பெண் போய் ஆட்களின் காதில் சிகரெட் கேட்டாள், சிலரிடம் வலது காதில், சிலரிடம் இடது காதில். வலது காதில் கேட்டபோது அதிகம் கிடைத்தது. சத்தத்தில் பேசிக்கொள்கிறவர்களும் தாமாகவே வலது காதைத்தான் அதிகம் நீட்டினார்கள். கிமுராவின் போட்டி இங்கே ஹெட்போன் இல்லாமலே நடக்கிறது.

என் பையன்களிடம் இதைச் சொன்னேன். கச்சேரி நடுவில் என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வலது பக்கம் வந்து சொல்லுங்கள், அந்தக் காதுதான் திறந்திருக்கிறது, அறிவியலும் அதைத்தான் சொல்கிறது என்று. நேற்று ஒரு பதினாறாம் நாள் கச்சேரியில் ஒருத்தன் வந்தான், வலது பக்கம்தான் வந்தான், நான் திரும்பியதும் கேட்டது, “அண்ணா, ஒரு ஐந்நூறு ரூபா அட்வான்ஸ்.” கொடுத்துவிட்டேன்.